மேனி எழிலும் மீநுண் பால்மமும்

தமிழ்த்துறை மலரில் முகப்பூச்சைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர் சிலர் வியக்கக்கூடும். வேதியியல் துறையினர் எழுத வேண்டியதைத் தமிழாசிரியன் எழுதப் புகுவது முறையாகுமா என்றும் வினவக்கூடும். இவ்வையங்களுக்கு விடை, அண்மையில் வகுப்பு முடிந்த வேளையில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலில் உள்ளது.

இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் ஒரு சிறு குப்பியைக் கையில் ஏந்தி வந்தார். முப்பது மில்லி கொண்ட அதன் விலை அறுநூறு ரூபாய். விடுதிச் செலவுக்கு வீட்டார் அனுப்பிய பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது.

"ஐயா, இதில் ‘நானோ எமல்ஷன்’ என்று போட்டிருக்கிறது. இதற்குத் தமிழில் என்ன?"

"மீநுண் பால்மம் எனலாம், தம்பி. நானோ என்பது கிரேக்கத்தில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது."

"அப்படியென்றால் இது நல்லதா, ஐயா? தங்கைக்கு வாங்கினேன். அவளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள். நிறம் கொஞ்சம் குறைவு என்று வீட்டில் பேச்சு."

முதல் வினாவுக்கு உடனே விடை சொன்ன எனக்கு இரண்டாம் வினாவுக்கு விடை சொல்ல இயலவில்லை. சொல்லைப் பெயர்த்துக் கொடுத்தேனே அன்றிப் பொருளை விளக்கவில்லை என்பது நெஞ்சில் உறுத்திற்று. அதன் பின்னரே வேதியியல் துறை நண்பர்களை அணுகிக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் சில செய்திகளை அறிந்தேன். அவற்றையும் அவற்றின் வழி நான் கொண்ட கருத்தையும் மாணவச் செல்வங்கள் முன்னும் ஆன்றோர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பால்மம் என்பது யாது?

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், எண்ணெயை மிகச் சிறு திவலைகளாக உடைத்து, அத்திவலைகள் மீண்டும் ஒன்றுகூடாவண்ணம் ஒரு பொருளைக் கொண்டு அவற்றைப் போர்த்திவிட்டால், அவை நீரில் பரவி நிற்கும். இவ்வாறு அமைந்த கலவையே பால்மம். பாலே இதற்குத் தலையாய சான்று. அதில் கொழுப்புத் திவலைகள் நீரில் மிதக்கின்றன. வெண்ணெயில் இந்நிலை தலைகீழாகி, நீர்த்துளிகள் கொழுப்பினுள் சிறைப்பட்டிருக்கின்றன. பாலிலிருந்து ‘பால்மம்’ என்னும் கலைச்சொல்லை ஆக்கியோர் பொருளறிந்து ஆக்கினர். அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே பொருளின் இயல்பு பாதி விளங்கிவிடுகிறது.

திவலைகளைப் போர்த்தி நிற்கும் பொருளைப் பால்மமாக்கி என்பர். அதன் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். முட்டையின் மஞ்சட்கருவிலும் சோயா மொச்சையிலும் உள்ள லெசித்தின் இத்தகையது. சவர்க்காரமும் இத்தகையதே.

இக்கலை நமக்குப் புதிதும் அன்று. சுண்ணாம்புத் தெளிநீரையும் தேங்காய் எண்ணெயையும் சேர்த்துக் குழப்பி, வெண்ணெய் போலத் திரண்டதைத் தீப்புண்ணுக்குப் பூசியவர்கள் நம் பாட்டிமார். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலமும் சுண்ணாம்பும் கூடிச் சுண்ணாம்புச் சவர்க்காரமாகி, அதுவே பால்மமாக்கியாகச் செயற்படுகிறது. இன்றைய மருத்துவர் தீப்புண்ணுக்குத் தண்ணீரையே முதலுதவியாகக் கூறுவர், அதுவே கொள்ளத்தக்கது. ஆயினும் அப்பூச்சின் வேதியியல் பிழையற்றது. மேலை நாட்டில் இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் காலன், தேன்மெழுகையும் ஒலிவ எண்ணெயையும் பன்னீரையும் சேர்த்து ஆக்கியதாகக் கூறப்படும் பூச்சே இன்றைய ‘கோல்டு கிரீம்’ வகைக்கு முன்னோடி.

திவலை சிறுத்தால் நிகழ்வது

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கியதில் ஒரு கூறு. நம் தலைமுடி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். வழக்கமான முகப்பூச்சுகளில் எண்ணெய்த் திவலைகள் சில ஆயிரம் நானோமீட்டர் அளவின. மீநுண் பால்மத்திலோ அவை பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டர் வரை இருக்கும். 100 நானோமீட்டர்த் திவலைகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு முடியின் குறுக்களவில் 800 திவலைகள் அடங்கும்.

திவலை சிறுத்தால் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, தோற்றம். நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலானது. திவலைகள் அதனினும் மிகச் சிறியவை ஆகும்போது ஒளியைச் சிதறடிக்கும் ஆற்றல் குன்றுகிறது. ஆகவே பால் போன்ற வெண்மை நீங்கி, கலவை நீர் போலத் தெளிகிறது. சில வேளைகளில் இளநீலச் சாயல் காட்டுகிறது. இரண்டாவது, பரப்பு. ஒரு மில்லி எண்ணெயைப் பத்து மைக்ரோமீட்டர்த் திவலைகளாக உடைத்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 0.6 சதுர மீட்டர். அதாவது ஒரு சிறு மேசையின் பரப்பு. அதே ஒரு மில்லியை 100 நானோமீட்டர்த் திவலைகளாக உடைத்தால் பரப்பு 60 சதுர மீட்டராகிறது. ஏறத்தாழ 645 சதுர அடி! ஒரு சிறு குடும்பம் வாழும் வீட்டின் தரைப்பரப்பு ஒரு மில்லி எண்ணெயில் ஒடுங்கியிருப்பது வியப்பன்றோ? மூன்றாவது, அசைவு. இத்துணைச் சிறிய திவலைகளை நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் அலைத்துக்கொண்டே இருப்பதால், பாலில் ஆடை கட்டுவது போல அவை எளிதில் மேலெழுந்து திரள்வதில்லை.

இவற்றை ஆக்குவதற்கு இருவழிகள் உள. ஒன்று, உயரழுத்தப் பொறியினாலோ கேளா ஒலியினாலோ திவலைகளை உடைப்பது. மற்றொன்று, பொருள்களின் இயல்பையே பயன்படுத்தித் திவலைகளைத் தாமே பிறக்கச் செய்வது. தெளிந்த டெட்டாலை நீரில் ஊற்றியதும் எவரும் கலக்காமலே அது வெண்மையாவதை நாம் காண்கிறோம். எண்ணெய்ப் பொருள் தானே திவலைகளாகப் பிரியும் இந்நிகழ்ச்சி, இரண்டாம் வழியை விளங்கிக்கொள்ள நல்லதோர் எடுத்துக்காட்டு.

அறிவியல் அளித்த நன்மை

இத்தொழில்நுட்பம் வணிகரின் வெற்றுப் புனைவு என்று எவரும் கருதிவிடலாகாது. 1960-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு ஆர்விட் விரெட்லிண்டு, சோயா எண்ணெயை லெசித்தினால் போர்த்திய நுண்பால்மம் ஒன்றை ஆக்கினார். உணவு உட்கொள்ள இயலாத நோயாளிக்கு அதனை இரத்த நாளத்தின் வழியே செலுத்த இயன்றது. 1997-ஆம் ஆண்டு இத்தாலியில் ஒப்புதல் பெற்ற சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஒன்றில், ஏறத்தாழ 160 நானோமீட்டர் அளவுள்ள ஸ்குவாலீன் எண்ணெய்த் திவலைகள் துணைப்பொருளாக இடம்பெற்றன. 2004-ஆம் ஆண்டு பிரான்சின் லொரேயால் நிறுவன ஆய்வாளர்கள், மீநுண் பால்மத்தைத் தோல் பராமரிப்புக்குரிய புதிய ஊர்தியாக ஆய்விதழில் எடுத்துரைத்தனர்.

‘ஊர்தி’ என்னும் சொல்லை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். மீநுண் பால்மம் ஓர் ஊர்தி. நீரில் கரையாத வைட்டமின் ஈ, ரெட்டினால், மஞ்சளின் குர்குமின் முதலிய பொருள்களை ஏற்றிச் சென்று தோலின்மேல் சீராகப் பரப்புவது அதன் பணி. பிசுபிசுப்பு குறையும், தெளிப்பானில் இட்டுத் தெளிக்கவும் இயலும், வறண்ட தோலில் ஈரம் தங்கத் துணை செய்யும். இந்நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஊர்தி சிறந்தது என்பதாலேயே அதில் ஏறிவரும் பொருளும் சிறந்ததாகிவிடுமா என்பதே என் வினா.

தோல் என்னும் வாயில்

தோலின் புறப்படை ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்பே உடையது. செங்கற்களை அடுக்கிச் சாந்து பூசிய சுவர் போன்றது அதன் கட்டமைப்பு. இறந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. நாம் பூசும் மீநுண் திவலைகள் முழுவடிவில் இச்சுவரைத் துளைத்துக்கொண்டு உட்புகுவதில்லை. பெரும்பாலும் அவை தோலின்மேல் உடைந்து பரவுகின்றன. சில மயிர்க்கால்களில் தங்குகின்றன. அவை சுமந்து வந்த பொருளின் மூலக்கூறுகள் பின்னர்ச் சாந்தின் வழியே கரைந்து சிறிது சிறிதாக உட்செல்கின்றன.

ஆகவே, வாயிலைக் கடக்க வேண்டியது மூலக்கூறு, திவலை அன்று. 2000-ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்னும் ஆய்வாளர் இருவர், நலமான தோலை ஊடுருவும் மூலக்கூறின் எடை பொதுவாக 500 டால்டனுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்று எடுத்துக்காட்டினர். ரெட்டினாலின் எடை ஏறத்தாழ 286. குர்குமினின் எடை 368. வைட்டமின் ஈயின் எடை 431. இவை வாயிலில் நுழையத்தக்கவை. கொலாஜனின் எடையோ ஏறத்தாழ மூன்று இலட்சம்! அதனை எத்துணைச் சிறிய திவலையோடு சேர்த்தாலும் அதன் மூலக்கூறு சிறுத்துவிடாது. யானையைச் சிறிய வண்டியில் ஏற்றிவிட்டால் அது பூனையின் வளைக்குள் புகுந்துவிடுமா? முழுக் கொலாஜன் தோலின்மேல் தங்கி ஈரம் காக்கலாம். அடித்தோலுக்குச் சென்று சுருக்கம் நீக்கும் என்பது அதன் இயல்புக்கு அப்பாற்பட்ட வாக்குறுதி.

மீநுண்மைக்கு உரிய விலையையும் சொல்ல வேண்டும். 60 சதுர மீட்டர்ப் பரப்பைப் போர்த்துவதற்குப் பால்மமாக்கி மிகுதியாகத் தேவைப்படும். அது மிகுந்தால் சுவரின் சாந்தையே இளக்கி, மென்மையான தோலில் எரிச்சலை உண்டாக்கக்கூடும். பரப்பு விரியுந்தோறும் எண்ணெய் காற்றோடு கூடிக் கெடுவதற்கும் வாய்ப்பு விரிகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவற்றின் மணப்பொருளாகிய லிமோனீன் இவ்வாறு கெட்டால் ஒவ்வாமையைத் தோற்றுவிக்க வல்லது. மேலும், மீநுண் பால்மம் என்றென்றும் நிலைத்திருப்பதன்று. சிறு திவலைகளின் எண்ணெய் நாளடைவில் கரைந்து சென்று பெரிய திவலைகளோடு சேரும். சிறியது தேயப் பெரியது வளரும் இந்நிகழ்ச்சியை, 1909-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஆஸ்வால்டின் பெயரால் ஆஸ்வால்டு முதிர்வு என வழங்குவர். தெளிந்திருந்த குப்பி கலங்கினாலோ எண்ணெய் தனியே பிரிந்தாலோ அதனைப் பூசாமல் விலக்குவதே அறிவுடைமை. கோடை வெயிலில் கடை வாயிலில் அடுக்கப்பட்ட குப்பிகளை வாங்குவோர் இதனை மறத்தலாகாது.

‘நானோ’ என்னும் சொல்லே இருவேறு பொருள்களுக்கு வழங்கி மயக்கம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் ஒழுங்குவிதி, 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ளதும், கரையாததும் அல்லது உடலில் நிலைத்து நிற்பதுமாகிய செயற்கைப் பொருளையே நானோபொருள் என்கிறது. அத்தகையதன் பெயரை அடுத்து ‘நானோ’ என்று உட்பொருட் பட்டியலில் குறிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. வெயிற்காப்புப் பூச்சுகளில் உள்ள டைட்டானியம் டையாக்சைடு நுண்துகள் இதற்கு எடுத்துக்காட்டு. உடைந்து கரையும் எண்ணெய்த் திவலைகள் பொதுவாக இவ்வரையறைக்குள் அடங்கா. எனவே, சட்டம் குறிக்கச் சொல்லும் ‘நானோ’ ஓர் அறிவிப்பு. குப்பியின் முகப்பில் பொன்னெழுத்தில் மின்னும் ‘நானோ’ ஒரு விளம்பரம். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் கூடாது.

கருமையைப் பழித்தல் முறையோ?

இனி, அம்மாணவரின் தங்கையிடம் வருவோம். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலமாக நம் நாட்டில் சிவப்பழகு விற்பனைச் சரக்காயிற்று. 1975-இல் அறிமுகமான ‘ஃபேர் அண்டு லவ்லி’ 2020-இல் ‘குளோ அண்டு லவ்லி’ என்று பெயர் மாறிற்று. பெயர் மாறிய அளவுக்குப் பெண் பார்க்க வருவோர் பேச்சு மாறவில்லை. பழைய ஆசைக்குப் புதிய அறிவியற்பெயர் சூட்டப்படுகிறது, அவ்வளவே.

நம் பழந்தமிழ்ப் புலவர் கண்ட அழகு வேறு. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவியின் ‘மாமை’ போற்றப்படுகிறது. அது மாந்தளிரின் ஒளி பொருந்திய கருமை சார்ந்த நிறம். அம்மாமை கெட்டு மேனி வெளிறுவதைப் ‘பசலை’ என்று பெயரிட்டு, பிரிவுத் துயரின் அடையாளமாகவே அவர்கள் பாடினர். வெளிறுதலை நோயெனக் கண்ட மரபில் வந்த நாம், வெளிறுவதற்குப் பணம் கொடுத்து மருந்து தேடுவது நகைப்புக்கு மட்டுமன்று, வருத்தத்துக்கும் உரியதாகும்.

வருத்தத்தோடு இது நிற்பதுமில்லை. 2023-ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், நிறம் வெளுக்கும் களிம்புகளைப் பூசிவந்தோர் சிலருக்குச் சிறுநீரக நோய் கண்டதை மருத்துவர்கள் அறிவித்தனர். களிம்பில் கலந்திருந்த பாதரசமே காரணமாகக் கருதப்பட்டது. பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளை ஒழிக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கை வகுத்த பின்னரும் இந்நிலை! அக்களிம்புகளை மீநுண் பால்மம் என்று நான் கூறவில்லை. தோல் ஒரு வாயில் என்பதையும், அதன்வழி நல்லதும் செல்லும் தீயதும் செல்லும் என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. வாயிலை எளிதாக்கும் ஊர்தி பெருகும் காலத்தில், ஏறிவரும் பொருள் யாதென்று வினவும் விழிப்பும் பெருக வேண்டும்.

தமிழ்த்துறையின் கடமை

அவ்விழிப்புக்கு முதற்கருவி உட்பொருட் பட்டியல். பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் அங்கே அச்சிடப்படுகின்றன. ஒரு விழுக்காட்டுக்கு மேற்படாதவற்றை மட்டும் இறுதியில் எவ்வரிசையிலும் எழுதலாம். காப்புப் பொருளாகிய பீனாக்சி எத்தனாலை ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்ப்பது வழக்கமன்று. விளம்பரத்தில் முதலிடம் பெறும் மஞ்சளோ குங்குமப்பூவோ பட்டியலில் அதற்கும் கீழே காணப்பட்டால், குப்பியில் அதன் அளவு எத்துணை என்பதை நாமே உய்த்துணரலாம். ரெட்டினால் போன்றவை சிற்றளவிலேயே செயற்படும் என்பதும் உண்மை. ஆதலால் அளவு சிறிதென்று இகழ்வதைவிட, அளவு எவ்வளவு என்று விற்போரைக் கேட்பதே நேரிய வழி.

ஆனால், அப்பட்டியலை நம் தாய்மார் எவ்வாறு படிப்பர்? பொட்டலப் பொருள்கள் பற்றிய 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள், கட்டாய அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன. பிற மொழிகளையும் சேர்த்துக்கொள்ள அவை தடை கூறவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆகவே, ஆசையைத் தூண்டும் விளம்பரம் இனிய தமிழில் வீட்டுக்குள் வருகிறது; உண்மையைக் கூறும் பட்டியலோ படிக்கவியலாத மொழியில் குப்பியின் பின்புறத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. விற்பதற்குத் தமிழ் வேண்டும், விளக்குவதற்குத் தமிழ் வேண்டா என்னும் இந்நிலையைத் தமிழ் பயில்வோர் பொறுத்துக்கொண்டிருத்தல் தகாது.

இங்கேதான் தமிழ்த்துறையின் கடமை பிறக்கிறது. கலைச்சொல்லாக்கம் என்பது தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக முடிந்துவிடுவதன்று. நம் கல்லூரியின் தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் ஒன்றுகூடி, நாள்தோறும் வீட்டில் புழங்கும் ஐம்பது உட்பொருள்களை எடுத்துக்கொண்டு, அவை யாவை, எதற்காகச் சேர்க்கப்படுகின்றன, யார் விலக்க வேண்டும் என்பவற்றை எளிய தமிழில் சிறு நூலாக்கினால் என்ன? மாணவர் அதனைத் தம் தெருவில் வாசித்துக் காட்டினால் என்ன? சமுதாயப் பெரியோர் இதற்கு ஊக்கமளிப்பின், செலவு சிறிது, பயன் பெரிது.

நிறைவுரை

அடுத்த வாரம் அம்மாணவரைக் கண்டேன். இம்முறை இரண்டாம் வினாவுக்கும் விடை என்னிடம் இருந்தது. "தம்பி, இதில் எண்ணெயைப் பொடியாக்கியிருக்கிறார்கள். தோல் வறண்டிருந்தால் ஈரம் தங்கும், பிசுபிசுக்காது. முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிச் சில நாள் பார்க்கச் சொல். எரிச்சலோ தடிப்போ கண்டால் நிறுத்திவிட வேண்டும். நிறத்தை மாற்றும் என்று மட்டும் நம்ப வேண்டா. உன் தங்கையின் நிறத்தில் குறையில்லை, குறையிருப்பது பார்க்க வருவோர் கண்ணில்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "இதை வீட்டில் நான் எப்படிச் சொல்வது, ஐயா?" என்று கேட்டார்.

மூன்றாவதாக எழுந்த இவ்வினாவுக்கு வேதியியலிலும் விடை இல்லை, இலக்கணத்திலும் இல்லை. மகன் சொன்னால் வீடு கேளாமற் போகலாம். பெண் பார்க்கச் செல்லும் பெரியோர், அவ்வீட்டில் நிறத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று உறுதி கொண்டால், அந்த அறுநூறு ரூபாய் அடுத்த மாதம் புத்தகமாகலாம். இம்மலரைக் கையிலேந்தும் ஆன்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.